பின்குடலின் இருட்டு

பழ ஈயின் குடலை மூன்று துண்டாக வெட்டுவது எனக்குக் கைவந்த கலை. அதிலென்ன பெரிய சாமர்த்தியம் என்று எங்கள் நிறுவனத்தில் எல்லோரும் கேட்பார்கள். பிறகு அவர்களே ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, மைக்ரோஸ்கோப்பை முறைத்துக்கொண்டு எழுந்து போவார்கள். ஈயே எள்ளளவுதான். அதன் குடல் நனைந்த நூல் மாதிரி வழுக்கும். அதை முன், நடு, பின் என்று பிரிக்க இரண்டு ஊசியும் நிறையப் பிடிவாதமும் வேண்டும். பிடிவாதத்துக்கு எங்கள் வீட்டில் என்றைக்குமே பஞ்சம் இருந்ததில்லை.

என் பெயர் இலக்கியா. நிறைகாப்பு நிறுவனத்தில் ஈ ஆய்வகம் என் பொறுப்பு. வாட்ச்மேன் முதல் எம்.டி. வரை எல்லோருக்கும் நான் ஈ மேடம்.

நொய்யலில் ஆண்டுதோறும் வெள்ளம் வரத் தொடங்கியபோது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு காலராவும் வந்தது. மில் விடுதிகளில் கொத்துக் கொத்தாக ஆட்கள் செத்தார்கள். அதற்கு மருந்தாக நாங்கள் கொண்டுவந்ததுதான் 'காவலன்'. வாழ்நாளில் ஒரே ஒரு மாத்திரை. குடலின் உட்சுவரில் இருக்கும் தாய்ச் செல்களுக்குள் அது நுழைந்து, கிருமிகளைக் கொல்லும் புரதத்தைச் சுரக்கிற மரபணுவின் சுவிட்சை நிரந்தரமாகப் போட்டுவிடும். அணைக்கவே முடியாது. காலரா, டைபாய்டு எதுவும் அண்டாது. பொய்யில்லை, நிஜமாகவே அண்டவில்லை. முதலில் ஒரு பெரிய நூற்பாலையின் விடுதிப் பெண்களுக்குக் கொடுத்தார்கள். ஊரெல்லாம் விளம்பரப் பலகை நின்றது. எங்கள் எம்.டி. ஆதவ், நாலு இயக்குநர்கள், ஆராய்ச்சித் தலைவர் நித்திலன் எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, கீழே பெரிய எழுத்தில்: 'முதலில் விழுங்கியவர்கள் நாங்கள்.'

எங்கள் கண்ணைத் திறந்தது ஒரு பொங்கல் விடுமுறை.

ஆய்வகத்து ஈக்களுக்குச் சோளமாவு, வெல்லம், ஈஸ்ட் போட்டுக் கஞ்சி காய்ச்சுவோம். பூஞ்சை பிடிக்கக் கூடாது என்று அதில் மருந்தும் கலப்போம். உலகம் முழுக்க ஈ வளர்ப்பவர்கள் செய்வதுதான். எங்கள் ஊர் ஈரக்காற்றில் அது போதவில்லை என்று நிறுவனம் கிருமிக் கொல்லியும் சேர்த்துக் கலக்கச் சொல்லியிருந்தது. பொங்கலுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர் ஊருக்குப் போய்விட்டார். ஈக்கள் பட்டினி கிடக்குமே என்று கேன்டீனில் கறுத்துப் போயிருந்த வாழைப்பழங்களை நான் குப்பிகளில் பிசைந்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது சாதாரண ஈக்கள் கும்மாளமாகப் பறந்துகொண்டிருந்தன. காவலன் ஏற்றிய ஈக்கள் எல்லாம் குப்பியின் அடியில் கால் மடக்கிக் கிடந்தன.

கிருமிகளைக் கொல்லும் அந்த மரபணு எங்கே வேலை செய்கிறதோ அங்கே பச்சையாக ஒளிரும்படி வளர்த்த ஈக்கள் அவை. அந்த வரிசையில் குற்றுயிராகக் கிடந்த ஒன்றை எடுத்து, அதன் குடலை வெட்டி லென்ஸின் கீழே வைத்தேன். சாதாரண ஈயில் முன்குடல் பளிச்சென்று இருக்கும், நடுவில் மங்கும், பின்குடல் இருண்டு கிடக்கும். செத்துக்கொண்டிருந்த ஈயிலோ தலை முதல் வால் வரை ஒரே பச்சை. அந்தப் பச்சைக்கு நடுவே பின்குடல் கிழிந்து தொங்கியது.

நேராக நித்திலன் அறைக்குப் போனேன். நல்ல மனிதர். காலராவில் தம்பியைப் பறிகொடுத்தவர், அன்றிலிருந்து சுடச்சுடச் சமைத்ததைத் தவிர எதையும் தொடாதவர். காவலன் அவருக்கு வெறும் சரக்கு இல்லை.

"அழுகின பழத்தைப் போட்டது உங்க தப்பு, இலக்கியா" என்றார்.

"சார், அழுகின பழத்தைத் தின்னாத்தான் அது பழ ஈ. நாம இத்தனை நாள் சோதிச்சது ஈயே இல்ல, மருந்துக் கஞ்சி குடிக்கிற நோயாளி."

"குடல்ல மரபணு அளவு பார்த்தோமே. கூடியிருக்கு, நாம எதிர்பார்த்தபடியே."

"எப்படிப் பார்த்தீங்க? நூறு குடலை ஒண்ணா அரைச்சு ஒரு குழாயில ஊத்திப் பார்த்தீங்க. எவ்வளவு கூடியிருக்குன்னு தெரியும். எங்கே கூடியிருக்குன்னு தெரியுமா?"

மொத்தமாக அரைத்துவிட்டால் முழுப் பூசணிக்காயையும் சோற்றில் மறைக்கலாம். அவர் மறைக்க நினைத்து அரைக்கவில்லை. அரைப்பது சுலபம், வெட்டுவது கஷ்டம். அவ்வளவுதான் நடந்தது.

லென்ஸில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. எம்.டி.யிடம் பேசுகிறேன் என்றார். பேசவும் செய்தார். மறுவாரமே மில் விடுதிக்கு ஓர் உத்தரவு போயிற்று. மோர், தயிர், இட்லி, தோசை, பழைய சோறு, கூழ் எதுவும் உள்ளே வரக்கூடாது. வெள்ளக் காலத்திலிருந்தே விடுதியில் கொடுத்துவரும், நிறைகாப்பு தயாரிக்கும் கிருமி நீக்கிய பொட்டல உணவு மட்டும்தான். நான் மருந்தை நிறுத்தச் சொன்னால் அவர்கள் சோற்றை நிறுத்தினார்கள். இந்த அக்கிரமத்தை எங்கே போய்ச் சொல்ல?

அந்தச் சமயத்தில்தான் சஷ்மிதா எங்கள் கேட்டுக்கு வந்தாள். மில்லில் ஸ்பின்னிங் பிரிவு, முப்பது வயது இருக்கும். கூட நாலைந்து பெண்கள். வாட்ச்மேன் விரட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க ஈ மேடம்னு ஒருத்தர் இருக்காங்களாமுங்க. அவங்களப் பாக்காம நான் நகர மாட்டனுங்க."

உள்ளே கூட்டிவந்து உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தால், "காய்ச்சினதுங்களா?" என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

"என்ற அக்கா பொண்ணுக்குக் காதுகுத்துங்க. தாராபுரம் போயிருந்தேன். வெயில்ல ஒரு சொம்பு கம்பங்கூழ் குடிச்சுப்போட்டேன். சின்ன வயசுல இருந்து குடிச்சதுதானுங்களே. அன்னிக்குச் சாயங்காலமே வயித்தால ரத்தமாப் போச்சு. கம்பெனி டாக்டர்கிட்டப் போனா, வலி பத்துக்கு எத்தனைன்னு கேக்கறாரு. எங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேக்கலீங்க."

"எங்க வலிச்சுது?"

"கீழ. தொப்புளுக்கும் கீழ." கையை வைத்துக் காட்டினாள். "ஏனுங்க, எங்க வயித்துக்குள்ள என்னத்தப் போட்டீங்க?"

மழுப்பத் தோன்றவில்லை. மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்காரவைத்து, முதலில் சாதாரண ஈயின் குடலைக் காட்டினேன்.

"இது முன்பக்கம். சாப்பாட்டோட வர்ற கிருமியை இங்கயே அடிக்கணும், அதான் பச்சையா எரியுது. இது நடு, இங்க அமிலம் இருக்கும். இது பின்பக்கம், பாரு, இருட்டா இருக்கு. இங்க நமக்கு நல்லது பண்ற கிருமிங்க குடியிருக்கு. அதனால உடம்பே இங்க ஒரு பிரேக் மரபணுவ வச்சு, அடிக்கிற மரபணுவ அடக்கி வச்சிருக்கு."

"வாசல்ல கட்டியிருக்கற நாயி குரைக்கோணும். அடுப்படிக்குள்ள வந்து வூட்டு ஆளுகளக் கடிக்கப்படாது. அதானுங்களே?"

"அதேதான். காவலன் அடுப்படியிலயும் நாயை அவுத்து விட்டிருச்சு. கிருமியே இல்லாத பொட்டலம் சாப்பிடற வரைக்கும் அது படுத்திருக்கும். கூழோ மோரோ உள்ள போனா எழுந்து குடலையே கடிக்கும்."

வேலி பயிரை மேய்ந்தால் யாரிடம் முறையிடுவது? சஷ்மிதா லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்திருந்தது.

"மேடம், இந்தப் பொட்டலம் வெளிய எந்தக் கடையிலயும் கிடைக்கறதில்லீங்க. மில்லுல மட்டுந்தான். நான் வாற ஐப்பசியோட வேலைய வுட்டுப்போட்டு ஊர்ல டெய்லர் கடை வைக்கலாம்னு இருந்தனுங்க. இப்ப மில்ல வுட்டுப் போனா நான் எதையத் திங்கறது?"

நான் ஈயைப் பார்த்தேன், குடலைப் பார்த்தேன், மரபணுவைப் பார்த்தேன். இதைப் பார்க்கவில்லை. அவளுடைய மில்லில் இரண்டு வருடமாக ஒரு பெண்கூட வேலையை விட்டுப் போகவில்லை என்று பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். எப்படிப் போவார்கள்? கேட்டுக்குப் பூட்டு வேண்டாம், சங்கிலி வேண்டாம். பூட்டை வயிற்றுக்குள்ளேயே போட்டாயிற்று.

அடுத்த இடி சித்திரையில் விழுந்தது. மாவட்டத்தின் எல்லாப் பள்ளிக் குழந்தைகளுக்கும் காவலன் கொடுக்க நிறைகாப்பு அனுமதி கேட்டது. கலெக்டர் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவித்தார். நிறுவனத்தின் சார்பில் பேசுகிறவர்களில் என் பெயரையும் போட்டிருந்தார்கள். எம்.டி. ஆதவ் என்னைக் கூப்பிட்டு, "ஈக்களுக்கு நல்லா இருந்ததுன்னு ரெண்டு வார்த்தை சொல்லிட்டு உக்காந்துருங்க மேடம்" என்றார். சரி சார் என்றேன். பேசுகிறேன் என்பதற்குத்தான் அந்தச் சரி.

அன்றே என் குப்பிகளில் பாதியை டிபன் கேரியரில் அடுக்கி, ஊருக்குள் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் சிநேகிதியிடம் சேர்த்தேன். வாட்ச்மேன், "என்ன மேடம், சாப்பிடலியா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

சஷ்மிதாவுக்கு வேறு திட்டம் இருந்தது.

"கூட்டத்துல எல்லாருக்கும் முன்னால ஒரு சொம்பு மோரக் குடிக்கறனுங்க. அங்கயே வுழுந்தா கலெக்டரம்மா கண்ணால பாக்கட்டும்."

"நீ விழுந்தா அவளுக்கு ஏற்கெனவே அல்சர்னு சொல்லுவாங்க. நீ செத்தாலும் சொல்லுவாங்க. பைத்தியக்காரத்தனம் பண்ணாத."

"அப்ப எப்படித்தானுங்க காட்டறது?"

"குடிக்காம காட்டுவோம்" என்றேன்.

சித்திரை வெயிலில் கூட்டம் என்றால் நீர்மோர் இல்லாமலா? மண்டபத்துச் சமையல்காரரிடம் நானே போய்ச் சொல்லிவைத்தேன். பெருங்காயம், இஞ்சி, கொத்தமல்லி எல்லாம் போட்டு, வருகிற எல்லோருக்கும் ஒரு டம்ளர். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. என் கணக்கு ரொம்ப எளிமையானது. விடுதிப் பெண்கள் மொத்தமும் வரவேண்டும். அந்த வெக்கையில் கையில் மோரை வைத்துக்கொண்டு ஒருத்திகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை மாவட்டமே பார்க்கட்டும்.

கூட்டத்தன்று ஏ.சி. வேறு மக்கர் பண்ணியது. மேடையில் கலெக்டர், பக்கத்தில் எம்.டி. ஆதவ், இயக்குநர்கள் நால்வர், கடைசி நாற்காலியில் நித்திலன். கீழே பள்ளி ஆசிரியர்கள், பெற்றோர்கள், பத்திரிகைக்காரர்கள். இடப்பக்கம் முழுக்க நீலச் சீருடையில் மில் பெண்கள். டம்ளர்கள் தட்டுத் தட்டாக வந்தன.

ஆதவ் அரைமணி நேரம் பேசினார். வெள்ளம், காலரா, இறந்த குழந்தைகள். அதில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் எரிச்சல். "ஒரு சிலருக்கு வயித்துவலின்னு சொல்றாங்க. அதெல்லாம் மனப்பிரமை. நாங்களே விழுங்கியிருக்கோம், எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!" என்று முடித்தார். கைதட்டல்.

என்னைக் கூப்பிட்டார்கள். பொங்கல் விடுமுறையில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முன், நடு, பின் என்று திரையில் படம் போட்டுக் காட்டினேன். ஆதவ் மைக்கை இழுத்துக்கொண்டு குறுக்கிட்டார்.

"மேடம் பத்து வருஷமா ஈயோடயே இருந்து, மனுஷங்களையும் ஈயாப் பாக்கறாங்க. ஈக்கும் மனுஷனுக்கும் என்னங்க சம்பந்தம்?"

மண்டபம் சிரித்தது. எனக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது.

"காவலனைக் கண்டுபிடிச்சதே ஈயிலதான் சார். விக்கும்போது ஈ சொந்தக்காரன், செத்தா மட்டும் அந்நியனா?"

சிரிப்பு அடங்கியது. கலெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாதிக்கப்பட்டவங்க யாராச்சும் பேசறீங்களா?" என்று கேட்டார்.

சஷ்மிதா எழுந்து வந்தாள். கையில் டம்ளர் நிறைய மோர். எனக்குப் பகீரென்றது. வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டம்ளரை உதடுவரை கொண்டுபோனாள். ஓடிப்போய்த் தட்டிவிடலாமா என்று நான் எழுந்தேவிட்டேன். அவள் அப்படியே நின்றாள். டம்ளரை இறக்கினாள். மைக்கில் வாயை வைத்து, விருந்தாளியை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

"ஏனுங்க எம்.டி. சார், மோரு எப்படிங்க இருந்துது?"

ஆதவ் மீசையைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருந்துச்சும்மா, ஏன்?" என்றார்.

அவர் முன்னால் டம்ளர் காலி. நாலு இயக்குநர்களின் டம்ளர்களும் காலி. ஒருவர் இரண்டாவது வாங்கி, அதையும் முடித்திருந்தார். அரைமணி நேரம் வெக்கையோடு மல்லாடியவர்களின் கைக்கு நீர்மோர் வந்தால் யார்தான் யோசித்துக் குடிப்பார்கள்? இடப்பக்கம் மட்டும் நீலச் சீருடைகளின் மடியில் வரிசை வரிசையாக நிறைந்த டம்ளர்கள்.

"நாங்க யாரும் குடிக்கலீங்க" என்றாள் சஷ்மிதா. "எங்களுக்குத் தாகம் இல்லாமயில்ல. குடிச்சாச் செத்துப்போவோம். நீங்கல்லாம் எங்களுக்கு முன்னாடியே முழுங்கினவங்கன்னு ஊரெல்லாம் போர்டு வச்சிருக்கீங்களே. உங்களுக்கு எப்படிங்க மோரு இறங்குது?"

சத்தியமாக நான் இதை எதிர்பார்க்கவில்லை. பெண்கள் குடிக்காததைக் காட்டத்தான் மோர் வரவழைத்தேன். இவர்கள் குடிப்பார்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை.

ஆதவ், "எனக்கு டாக்டர் வேற மருந்து... அதனால தள்ளிப்போட்டு..." என்று ஆரம்பித்தார். மேலே என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. மண்டபமே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. ஓர் அம்மா தன் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அந்தக் கூச்சலில் மேடையின் கடைசி நாற்காலியை முதலில் கவனித்தது கலெக்டர்தான். நித்திலன் முன்னால் இருந்த டம்ளர் ததும்ப ததும்ப அப்படியே இருந்தது. அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆதவைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

"எல்லாரும் சேர்ந்துதான் விழுங்கறோம்னு சொன்னீங்க" என்றார். பிறகு மேடையிலிருந்து இறங்கி வந்து, நீலச் சீருடைகளின் நடுவே ஒரு காலி நாற்காலியில், நிறைந்த டம்ளரோடு உட்கார்ந்தார்.

பள்ளிக்கூடத் திட்டம் அன்றோடு நின்றது. என்னை மறுநாளே வேலையை விட்டுத் தூக்கினார்கள். போகட்டும். ஆய்வகத்துக்கும் பூட்டு விழுந்தது. ஆனால் டிபன் கேரியர் ஈக்கள் கல்லூரியில் சௌக்கியமாகப் பல்கிப் பெருகிக்கொண்டிருந்தன. நானும் நித்திலனும் அங்கேயே பழியாய்க் கிடந்தோம். சுவிட்சை அணைக்க முடியாது. சரி, பிரேக்கை வலுவாக்க முடியுமா? நல்ல கிருமிகள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டே இருந்தால் பின்குடலின் பிரேக் மரபணு தானாக வளரும் என்பது ஈயில் எங்களுக்குத் தெரியும். பழைய சோற்றின் நீராகாரத்தைக் கண்ணுக்கே தெரியாத அளவு நீர்க்கச் செய்து, மருந்து சேர்க்காமல் காய்ச்சிய கஞ்சியில் கலந்தோம். செத்தவை செத்தன. இன்னும் நீர்க்கச் செய்தோம். அளவை மெல்ல மெல்ல ஏற்றினோம்.

மழைக்காலம் தொடங்கியபோது ஒரு குடலை வெட்டி வைத்துவிட்டு லென்ஸில் கண்ணை வைத்தேன். முன்பக்கம் பச்சை. நடுவும் பச்சை. பின்பக்கத்தில், ஓரமாக, ஒரு திட்டு இருட்டு. வாழ்க்கையில் இருட்டைப் பார்த்து நான் அழுதது அன்றைக்குத்தான்.

ஈயில் வந்தது மனிதனில் வருமா என்பது வேறு கேள்வி. இந்தமுறை ஒழுங்காகச் செய்வது என்று பிடிவாதமாக இருந்தோம். அரசு மருத்துவர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தார். நீர்க்கச் செய்த நீராகாரம் ஒரு சின்னக் கரண்டி. முதலில் யார் என்பதுதான் மிச்சம். விடுதிப் பெண்கள் அறை கொள்ளாமல் நின்றார்கள். சஷ்மிதா கரண்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அதை நித்திலன் பக்கம் நீட்டினாள்.

"குடிங்க சார். போன தடவை எங்க வயித்துல பாத்துட்டு நீங்க சொன்னீங்க. இந்தத் தடவை உங்க வயித்துல பாத்துட்டு நாங்க சொல்றமுங்க."

நித்திலன் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்து மாதங்கள் ஆகியிருந்தன. கரண்டியை வாங்கி ஒரே மடக்கில் விழுங்கினார்.

பெண்கள் அவரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நித்திலனின் நெற்றி லேசாகச் சுருங்கியது, கை வயிற்றுக்குப் போயிற்று. மருத்துவர், "வலி பத்துக்கு எத்தனை?" என்று ஆரம்பித்தார்.

சஷ்மிதா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். நித்திலனுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"எங்கீங்க சார் வலிக்குது? முன்னாடியா, நடுவுலயா, பின்னாடியா?"